மில்லிமீட்டருக்குத்தான் காசு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: கண்ணாடியைக் கடைத்தெருவில் வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா? பதில் சொல்பவள் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஒரு கண்ணாடிக் கடையில் டிஸ்பென்சிங் ஆப்டீஷியனாக இருக்கிறேன். கண்ணைச் சோதித்துச் சீட்டு எழுதுபவர் ஆப்டோமெட்ரிஸ்ட். அந்தச் சீட்டுக்கு ஏற்ற ஃபிரேம் பொருத்தி, முகத்தை அளந்து, லென்ஸ் வரவழைத்துக் கொடுப்பது என் வேலை. கடையில் சம்பளம் வாங்குகிறவள் கடைக்குத்தானே பேசுவாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொண்டே படியுங்கள், குற்றமில்லை.

அக்கா, எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.50. கடையில் சொன்ன விலைக்கு இணையத்தில் நாலு கண்ணாடி வாங்கலாம் போலிருக்கிறது. இணையத்து லென்ஸ் மட்டமானதா, இல்லை கடைக்காரர்கள் கொள்ளையடிக்கிறார்களா?
– வாசகி, ஹாரோ

மட்டமான லென்ஸ் இல்லை. கொள்ளை என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

மைனஸ் 1.50-க்குக் கடையில் தருவதும் இணையத்தில் தருவதும் பெரும்பாலும் ஒரே வகை 1.5 பிளாஸ்டிக் லென்ஸ்தான். (இந்த 1.5 உங்கள் பவர் அல்ல, லென்ஸ் பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதற்கான எண். எண் கூடினால் லென்ஸ் மெலியும்.) விலையில் இருக்கும் வித்தியாசம் லென்ஸில் இல்லை. கடைவாடகை, ஆள் சம்பளம், இவற்றோடு வெளியே தெரியாத ஒரு செலவும் உண்டு: கண் பரிசோதனை. நீங்கள் கட்டும் பரிசோதனைக் கட்டணமோ, அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் தொகையோ அந்த அறைக்கும் கருவிகளுக்கும் ஆப்டோமெட்ரிஸ்டின் நேரத்துக்கும் போதாது. அந்தப் பள்ளத்தைக் கண்ணாடி விற்ற காசில்தான் கடைகள் நிரப்புகின்றன. இணையக் கடைக்கு அந்தப் பள்ளமே கிடையாது. சீட்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள்.

ஒரு காலத்தில் இந்த நாட்டில் பதிவுபெற்ற ஆப்டீஷியனைத் தவிர வேறு யாரும் கண்ணாடி விற்க முடியாது. 1984-ல் சட்டம் அதைத் தளர்த்தியது. ஸ்பெக்சேவர்ஸ் என்ற கண்ணாடிக் கடைச் சங்கிலி தொடங்கியதும் அதே வருடம்தான். 2004-ல் கிளாஸஸ் டைரக்ட் இணையத்தில் கடை திறந்தபோது எங்கள் தொழிலில் பெரிய முணுமுணுப்பு. இப்போது முணுமுணுப்பவர்களின் பிள்ளைகளே இணையத்தில் வாங்குகிறார்கள்.

இனி கொள்ளைக்கு வருவோம். மைனஸ் 1.50-க்கு 1.67 'மெலிந்த' லென்ஸ் வேண்டுமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. நீல ஒளி தடுக்கும் பூச்சுக்கும் அதே பதில். அது கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் 2023-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு மட்டும் காசுக்குத் தகும், அதிலும் இரவில் கார் ஓட்டுபவர் என்றால். இந்த மேல்விற்பனை இணையத்திலும் உண்டு. கடையில் ஒரு ஆள் கேட்பதை அங்கே பத்துப் பொத்தான்கள் கேட்கும்.

ஆக, உங்கள் பவருக்கு இணையத்தில் தாராளமாக வாங்குங்கள். அலுவலகத்தில் நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார்கிறவர் என்றால் இன்னொன்று: நீங்கள் கேட்டால் பரிசோதனைச் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும். 1992-லிருந்தே அப்படி விதி இருக்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு.

பரிசோதனை முடிந்து சீட்டைக் கொடுத்தார்கள். ஆனால் அதில் பி.டி. இல்லை. கேட்டால், "அது எங்களிடம் வாங்குபவர்களுக்குத்தான்" என்கிறார்கள். இது நியாயமா? சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், வெம்பிளி

சீட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். பரிசோதனை முடிந்ததும், நீங்கள் அங்கே வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கையில் தர வேண்டும் என்பது 1989-ஆம் வருட ஆப்டீஷியன்ஸ் சட்டம். ஆனால் பி.டி., அதாவது இரண்டு கருவிழி நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம், சீட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய விவரம் இல்லை. அது கண்ணாடி செய்வதற்கான அளவு, கண்ணைச் சோதித்ததில் கிடைத்த முடிவு அல்ல என்பது சட்டத்தின் பார்வை. சில கடைகள் சும்மாவே சொல்லிவிடும், சில கட்டணம் கேட்கும், சில மறுக்கும். மறுப்பது சட்டப்படி சரி. எனக்குப் பிடிக்காது, ஆனால் சரிதான்.

வீட்டிலேயே அளக்கலாம். கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்து அளக்கும் செயலிகளைவிட, மில்லிமீட்டர் கோடு போட்ட சாதாரண அளவுகோலும் பொறுமையுள்ள இன்னொரு ஆளும் போதும் என்பேன். இருவரும் ஒரு கைநீள தூரத்தில், ஒரே உயரத்தில், நேருக்கு நேர் உட்காருங்கள். அளப்பவர் தன் வலது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், நீங்கள் அவருடைய திறந்த இடது கண்ணைப் பார்க்க வேண்டும். அளவுகோலை உங்கள் மூக்கின் மேல் கிடையாக வைத்து, பூஜ்ஜியத்தை உங்கள் வலது கருவிழியின் நடுவில் நிறுத்தட்டும். பிறகு அளவுகோலை அசைக்காமல் அவர் இடது கண்ணை மூடி வலது கண்ணைத் திறக்க வேண்டும். நீங்கள் அந்தக் கண்ணைப் பாருங்கள். உங்கள் இடது கருவிழியின் நடுவில் எந்த எண் நிற்கிறதோ அதுதான் பி.டி. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54-க்கும் 74-க்கும் இடையில் வரும். சில தடவை அளந்து பாருங்கள். எண் தாவிக்கொண்டே இருந்தால் அளப்பவரை மாற்றுங்கள்.

இந்த அளவு எவ்வளவு முக்கியம் என்பது உங்கள் பவரைப் பொறுத்தது. லென்ஸின் மையம் கண்ணுக்கு நேரே இல்லாவிட்டால் லென்ஸ் ஒரு பிரிசமாக வேலை செய்யத் தொடங்கும், பார்க்கும் உருவத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். கணக்கு சுலபம்: எத்தனை சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறதோ அதைப் பவரால் பெருக்கினால் வருவதுதான் பிரிசத்தின் அளவு. பி.டி. 4 மி.மீ. தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கு 2 மி.மீ. மைனஸ் 1.50 உள்ளவருக்கு ஒரு கண்ணுக்கு 0.3 பிரிசம். கண் அதைத் தானே சமாளித்துக்கொள்ளும். மைனஸ் 6.50 உள்ளவருக்கு அதே 2 மி.மீ. 1.3 பிரிசம், இரண்டு கண்ணும் சேர்த்து 2.6. அவர் சாயங்காலம் தலைவலி என்று மாத்திரை போடுவார், கண்ணாடியைச் சந்தேகப்படவே மாட்டார்.

ஐயா/அம்மா, என் சீட்டு போன வருடம் −1.50 / −0.50 × 180. இந்த வருடம் வேறு கடையில் −2.00 / +0.50 × 90 என்று எழுதியிருக்கிறார்கள். என் கண் இவ்வளவு மாறிவிட்டதா?
– வாசகர், ஸ்லவ்

அம்மா. உங்கள் கண் துளியும் மாறவில்லை. இரண்டும் ஒரே லென்ஸ். சிலிண்டரை, அதாவது சீட்டின் இரண்டாவது எண்ணை, மைனஸாக எழுதுவது ஒரு வழக்கம், பிளஸாக எழுதுவது இன்னொரு வழக்கம். முதல் இரண்டு எண்களையும் கூட்டினால் புதிய முதல் எண், சிலிண்டரின் குறியை மாற்றி, கோணத்தை 90 டிகிரி திருப்பினால் அடுத்த சீட்டு வந்துவிடும். ஆபத்து, இணையப் படிவத்தில் நிரப்பும்போதுதான். சிலிண்டர் பெட்டியில் மைனஸ்தான் வழக்கமாக இருக்கும் என்று நினைத்துப் பிளஸை மாற்றிவிட்டால் முற்றிலும் வேறு கண்ணாடி வந்து சேரும். சீட்டில் உள்ளதை உள்ளபடியே போடுங்கள். படம் எடுத்து அனுப்ப வழியிருந்தால் அதையும் அனுப்புங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. தூரத்துக்கும் படிக்கவும் சேர்த்து இணையத்தில் வெரிஃபோக்கல் வாங்கிக் கொடுத்தேன். படிக்கட்டு மிதக்கிறது என்கிறார். டிவி பார்க்கும்போது தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு பார்க்கிறார். திருப்பிக் கொடுக்க முடியுமா?
– வாசகர், லெஸ்டர்

தாடையைப் பற்றி எழுதினீர்களே, அதற்கு நன்றி. அந்த ஒரு வரியில் பாதி விஷயம் கிடைத்துவிட்டது.

1959-ல் பிரான்சில் வேரிலக்ஸ் வந்ததிலிருந்து இந்த வகை லென்ஸின் அமைப்பு ஒன்றுதான்: மேலே தூரம், கீழே படிப்பு, நடுவில் மெல்ல மெல்லப் பவர் மாறும் ஒரு குறுகிய பாதை, இரு ஓரங்களிலும் கொஞ்சம் மங்கல். அந்தப் பாதை கருவிழிக்கு நேரே தொடங்க வேண்டும். அதற்குப் பி.டி. மட்டும் போதாது, உயரமும் வேண்டும். ஃபிரேமை முகத்தில் மாட்டி, மூக்கிலும் காதிலும் சரிசெய்து, ஆளை நேராகப் பார்க்கச் சொல்லி, கருவிழி நிற்கும் இடத்தில் பேனாவால் புள்ளி வைப்போம். அதே ஃபிரேம் ஒருவர் மூக்கில் மேலே ஏறி நிற்கும், இன்னொருவர் மூக்கில் இறங்கி நிற்கும். முகத்தைப் பார்க்காமல் செய்பவர் ஒரு பொதுவான உயரத்தை வைத்துத்தான் செய்ய முடியும்.

அப்பாவுக்கு அந்த உயரம் கூடிப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். படிக்கும் பகுதி நேர்ப்பார்வைக்குள் ஏறி வந்துவிட்டால், தாடையை இறக்கி லென்ஸின் மேல்பகுதி வழியாகப் பார்த்தால்தான் டிவி தெளியும். உயரம் குறைந்திருந்தால் கதை தலைகீழ்: புத்தகம் படிக்கத் தாடையைத் தூக்குவார். மூக்குத் தாங்கிகள் உள்ள மெட்டல் ஃபிரேம் என்றால் தாங்கிகளைக் கொஞ்சம் விரித்து ஃபிரேமை இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறக்கிப் பார்க்கலாம். கெட்டி பிளாஸ்டிக் ஃபிரேம் என்றால் அந்த வழி இல்லை. வேறு இடத்தில் வாங்கியதைத் தொடப் பல கடைகள் தயங்கும், சூடாக்கி வளைக்கும்போது உடைந்தால் யார் பொறுப்பு? கட்டணம் கேட்டால் கோபப்படாதீர்கள்.

படிக்கட்டு தனி விஷயம். சரியாகச் செய்த வெரிஃபோக்கலிலும் கீழ்ப்பகுதி புத்தக தூரத்துக்குத்தான், படிக்கட்டு தூரத்துக்கு அல்ல. இறங்கும்போது தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். பழகச் சில வாரம் ஆகும். அதுவரை கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுப்பது: இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமை, உங்களுக்கென்றே செய்த பொருளுக்குக் கிடையாது, 2013 விதிகளில் அது விலக்கு. ஆனால் பல தளங்கள் தாங்களாகவே உத்தரவாதம் தருகின்றன, அதை முதலில் பாருங்கள். பொருளில் குறை என்றால் 2015 நுகர்வோர் சட்டம் உங்கள் பக்கம், 30 நாளுக்குள் நிராகரிக்கலாம். நீங்கள் கொடுத்த அளவு தப்பு என்றால் வாதாடுவது கடினம். உயரத்தை அவர்களாகவே முடிவுசெய்தார்கள் என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். உங்கள் வாதத்துக்கு அது வலு.

அடுத்த வெரிஃபோக்கலைக் கடையில் வாங்குங்கள். இதில் நான் கடைக்குத்தான் பேசுகிறேன், மறைக்கவில்லை. அப்புறம், 60 தாண்டியவருக்கு என்.எச்.எஸ். கண் பரிசோதனை இலவசம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அப்படியே. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பிள்ளைக்கோ கண் அழுத்த நோய் இருந்தால் 40 வயதிலிருந்தே இலவசம். கண்ணாடியை எங்கே வாங்கினாலும் இந்தப் பரிசோதனையை விடாதீர்கள். கண் அழுத்த நோய் தொடக்கத்தில் வலிக்காது, மங்காது, ஓரப்பார்வையைத்தான் முதலில் தின்னும். பழைய சீட்டையே வைத்துத் திரும்பத் திரும்ப வாங்கலாம் என்றும் எண்ண வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் எழுதிய சீட்டுக்குத்தான் விற்க வேண்டும் என்பது சட்டம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் மாதம் ஒரு கண்ணாடியை உடைக்கிறாள். இணையத்தில் மலிவாக மூன்று நான்கு வாங்கி வைத்துவிடட்டுமா அக்கா?
– வாசகி, குராய்டன்

வேண்டாம் அம்மா. 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பதிவுபெற்றவரோ அவர் மேற்பார்வையிலோதான் கண்ணாடி கொடுக்க வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர் என்று பதிவுசெய்தவர்களுக்கும் அதே விதி. 1984-ல் எல்லாவற்றையும் தளர்த்தியபோதும் இதைத் தளர்த்தவில்லை. காரணம் எளிது. பிள்ளைகளின் மூக்குப்பாலம் இன்னும் எழும்பியிருக்காது, ஃபிரேம் சரிந்துகொண்டே வரும், பிள்ளை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு ஓடும். கண்ணாடி போட்டிருக்கிறாள் என்று நாம் நிம்மதியாக இருப்போம், அவள் கண் லென்ஸைப் பார்த்தே இருக்காது.

காசுக்காக என்றால் இணையத்துக்குப் போகவே தேவையில்லை. 16 வயது வரை பரிசோதனை இலவசம், கண்ணாடிக்கு என்.எச்.எஸ். வவுச்சர் உண்டு, அந்த வவுச்சருக்குள்ளேயே அடங்கும் ஃபிரேம்களைப் பல கடைகள் வைத்திருக்கின்றன. உடைந்ததைச் சரிசெய்யவும் மாற்றவும் என்.எச்.எஸ். உதவி இருக்கிறது. கடையில் கேளுங்கள், படிவம் அவர்களிடமே இருக்கும்.

மைனஸ் 6.50, பி.டி. 62. இப்போது பெரிய சதுர ஃபிரேம்தானே எல்லோரும் போடுகிறார்கள். எனக்கும் அதுதான் வேண்டும். 1.67 லென்ஸ் போட்டால் மெலிதாக வந்துவிடும் என்று தளத்தில் எழுதியிருக்கிறது. நம்பலாமா?
– வாசகர், மான்செஸ்டர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். உங்கள் பழைய ஃபிரேமின் காதுக்கம்பி உள்பக்கத்தில் 52 18 140 மாதிரி எண்கள் இருக்கும். முதலாவது ஒரு லென்ஸின் அகலம், அடுத்தது மூக்கின் மேல் இடைவெளி, மூன்றாவது கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். ஃபிரேம் தேர்வுக்கு இதைவிட நல்ல குறிப்பு இல்லை.

நீங்கள் ஆசைப்படும் சதுர ஃபிரேம் 54-18 என்று வைத்துக்கொள்வோம். 54-ம் 18-ம் சேர்ந்தால் 72. அதாவது அந்த ஃபிரேம் 72 மி.மீ. பி.டி. உள்ளவருக்கு இயல்பாகப் பொருந்தும். உங்களுக்கு 62. அப்படியானால் ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 5 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ள வேண்டும். காதுப் பக்கத்து ஓரம் மையத்திலிருந்து 32 மி.மீ. தூரத்துக்குப் போய்விடும். மைனஸ் லென்ஸ் ஓரம் தடித்த கிண்ணம் போன்றது, மையத்திலிருந்து விலக விலகத் தடிமன் ஏறும், அதுவும் தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். தோராயக் கணக்கில் 1.5 லென்ஸில் ஓரம் மையத்தைவிட 6.7 மி.மீ. தடிப்பு. 1.67 போட்டால் 5 மி.மீ. சரி, குறைந்ததுதான்.

இப்போது 46-18 ஃபிரேமை எடுங்கள். மையத்தை 1 மி.மீ. தள்ளினால் போதும். ஓரம் 24 மி.மீ. தூரத்தில் முடிந்துவிடும். சாதாரண 1.5 லென்ஸிலேயே கூடுதல் தடிப்பு 3.7 மி.மீ.தான். விலை உயர்ந்த லென்ஸ் போட்ட பெரிய ஃபிரேமைவிட மலிவு லென்ஸ் போட்ட சின்ன ஃபிரேம் மெலிது! சின்ன ஃபிரேமில் 1.67-ஐயும் போட்டால் இன்னும் குறையும். 1.67-க்கு ஒரு குறை உண்டு, நிறங்களைப் பிரித்துக் காட்டும் குணம் அதிகம். ஓரமாகப் பார்க்கும்போது வெள்ளை எழுத்தைச் சுற்றி நீலமும் மஞ்சளும் தெரிந்தால் பயப்படாதீர்கள்.

உங்கள் பவருக்கு ஃபிரேம் மூக்கில் 3 மி.மீ. சரிந்தாலே 0.12 பவர் குறைந்தது போலாகும். அதனால் முதல் கண்ணாடியைக் கடையில் முகத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். அது நன்றாக அமைந்தால், இரண்டாவதை அதே அளவு ஃபிரேமில் இணையத்தில் வாங்குவதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். பெரிய சதுரத்தை வெயில் கண்ணாடியில் போட்டுக்கொள்ளுங்களேன்!

கடையில் ஒரு மணி நேரம் ஃபிரேம் போட்டுப் பார்த்துவிட்டு, நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு இணையத்தில் வாங்கினேன். பாவமா?
– வாசகி, ஈஸ்ட் ஹாம்

பாவம் இல்லை, எங்களுக்குத் தெரியாதென்று நினைத்துக் கைப்பைக்குள் கைபேசியை ஒளிக்கிறீர்களே, அதுதான் சிரிப்பு. நேராகக் கேளுங்கள்: "ஃபிரேம் இங்கே, லென்ஸ் வெளியே" என்பதற்குக் கூடச் சில கடைகள் ஒத்துக்கொள்ளும். கூட்டமான சனிக்கிழமை மட்டும் வராதீர்கள்.

இணையத்தில் வாங்கிய கண்ணாடி இன்று தபாலில் வந்தது. சரியாகச் செய்திருக்கிறார்களா என்று நானே எப்படிப் பார்ப்பது?
– வாசகர், மில்டன் கீன்ஸ்

முதலில் ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி, ஒரே தூரத்து எழுத்தைப் பாருங்கள். சீட்டில் வலதும் இடதும் வேறு வேறாக இருந்தால் இது இன்னும் முக்கியம். இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தால் இதில் தெரிந்துவிடும். பிறகு கதவின் சட்டத்தைப் பாருங்கள். சிலிண்டர் மாறிய சீட்டு என்றால் முதல் இரண்டு நாள் சட்டம் கொஞ்சம் சாய்ந்து தெரியலாம். வாரம் ஆகியும் சாய்ந்தே இருந்தாலோ, ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, தலை வலித்தாலோ போட வேண்டாம். எந்தக் கண்ணாடிக் கடையிலும் ஃபோசிமீட்டர் என்று ஒரு கருவி இருக்கும். லென்ஸின் பவரையும் மையத்தையும் அது சில நிமிடத்தில் காட்டிவிடும். சிறு கட்டணம் கேட்கலாம். எடுத்த அளவை எழுதி வாங்கிக்கொண்டு, விற்ற தளத்துக்கு அனுப்புங்கள். வாயால் சொன்னால் "பழகிவிடும்" என்பார்கள், எண்ணைக் காட்டினால் அப்படிச் சொல்ல முடியாது.

கார் ஓட்டுபவர் என்றால், சாவியை எடுக்கும் முன் நின்றிருக்கும் ஒரு காரின் நம்பர் பலகையை 20 மீட்டர் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். சட்டம் கேட்கும் தூரம் அது. பகலில், புதிய கண்ணாடியோடு, கண்ணைச் சுருக்காமல்.